கரையும் காணியும் – 23: ஓடாத காருக்கு ஏறிய விலை

சென்ற இதழில், 1990 யூன் நடுப்பகுதியில் மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டுக் கிளம்பியதைப் பார்த்தோம். வீடு, வள்ளம், வலை, இயந்திரம் என்று அவர்கள் விட்டுப்போனவற்றைக் கணக்கெடுத்தபோது ஒரு வரியோடு கடந்துவிட்ட பொருள் ஒன்று உண்டு. அது கார்.

மீன்பிடி ஊரின் வரலாற்றில் காருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். உலக ஏலச் சந்தைகளில் எரிந்து கருகிய காருக்கு லட்சக்கணக்கான டொலர் கொடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கொட்டில்களில் துருப்பிடித்துக் கிடந்த ஒஸ்ரினையும் மொறிசையும் தெற்கிலிருந்து ஆட்கள் தேடி வந்து வாங்கிப்போனார்கள். இரண்டும் ஒரே கணக்கில் நடந்த வியாபாரம்தான். ஆனால் அந்தக் கணக்கை மயிலிட்டியிலிருந்து பார்க்கும்போது, ஏலக்காரர் பேசாத ஒரு பக்கம் தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்த இதழ்.

கருகிய பெராரி, குளத்துப் புகாட்டி

2023 ஓகஸ்டில் கலிபோர்னியாவில் நடந்த ஏலமொன்றில் 1954ஆம் ஆண்டுப் பெராரி 500 மொண்டியால் ஒன்று விலைபோனது. கார் என்று சொல்வது மரியாதைக்குத்தான். 1960களில் விபத்தில் எரிந்தபின் மிஞ்சிய நசுங்கிய தகடும் அதனடியில் ஒரு சட்டமுமே அங்கு இருந்தன. விழுந்த விலை 18 லட்சத்து 75 ஆயிரம் அமெரிக்க டொலர். வாங்கியவருக்கு அதில் ஏறி ஓர் அடிகூட ஓட முடியாது. அவர் வாங்கியது 0406 என்ற சட்ட இலக்கத்தையும், பினின்பாரினா பட்டறை இந்த வகையில் கட்டிய 13 திறந்த கார்களில் இதுவும் ஒன்று என்பதற்கான சான்றையும்தான்.

இதைவிட வேடிக்கையானது 1925ஆம் ஆண்டுப் புகாட்டி ஒன்றின் கதை. சுவிற்சர்லாந்தில் சுங்கத் தீர்வை கட்டாமல் கைவிடப்பட்ட அந்தக் காரை 1930களில் மஜ்ஜோரே ஏரிக்குள் இறக்கிவிட்டார்கள். கட்டியிருந்த சங்கிலி அறுந்து, கார் ஐம்பது மீற்றருக்கும் கீழே அடித்தரைக்குப் போய்விட்டது. 2009 யூலையில் மேலே தூக்கியபோது ஒரு பக்கம் முழுவதும் கரைந்துபோயிருந்தது. ஆறு மாதம் கழித்துப் பாரிஸ் ஏலத்தில் அது 2 லட்சத்து 60 ஆயிரத்து 500 யூரோவுக்குப் போனது. வாங்கிய அமெரிக்க நூதனசாலை அதைத் திருத்தவில்லை. கிடந்த கோலத்திலேயே காட்சிக்கு வைத்தது. வாகனத் தீர்வை என்றதும் பெருமூச்சு விடும் இலங்கையருக்கு இந்தக் கதை உடனே விளங்கும்.

அமெரிக்கர் ‘மசில் கார்’ என்று சொல்லும் வகையில் இதே கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். 1964ஆம் ஆண்டுப் பொன்ரியாக் ஜீ.ரி.ஓ. தொடக்கி வைத்த வழக்கம் அது. நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய வி-8 இயந்திரத்தைத் திணித்து இளந்தாரிகளுக்கு விற்றார்கள். கிறைஸ்லர் நிறுவனத்தின் ஹெமி இயந்திரம் 7 லீற்றர் கொள்ளளவு, 425 குதிரைவலு. சில ஆண்டுகளில் காப்புறுதிக் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு இறுகியது, 1973 எண்ணெய் நெருக்கடியோடு கதை முடிந்தது. அந்த இயந்திரத்தைப் பரகுடா காரில் பூட்டிய ‘ஹெமி குடா’வில், கூரை மடியும் வகை 1971இல் 11 மட்டுமே கட்டப்பட்டன என்பது சேகரிப்பாளர் கணக்கு. விலை கூடுதல் என்று அன்று ஆட்கள் வாங்காமல் விட்ட அந்த வகையில் ஒன்று 2014இல் 35 லட்சம் டொலருக்கு விற்றது.

திறமாகத் திருத்திப் பளபளக்கும் கார் இருக்க, இத்துப்போனதை ஏன் தேடுகிறார்கள்? போலி செய்வது லேசு என்பதால்தான். சாதாரண ஆறு சிலிண்டர் பரகுடா ஒன்றை வாங்கி, பெரிய இயந்திரத்தைப் பொருத்தி, பூச்சும் அடித்துவிட்டால் ஹெமி குடா மாதிரியே நிற்கும். அதனால் வாங்குபவர் பூச்சைப் பார்ப்பதில்லை. சட்ட இலக்கமும் இயந்திர இலக்கமும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார். இருக்கையைக் கிழித்து, சுருள்கம்பிகளுக்கிடையே தொழிற்சாலைத் தொழிலாளர் செருகிவிட்ட மஞ்சளித்த பொருத்துப்பட்டியல் கிடக்கிறதா என்று தேடுகிறார். அந்தத் தாளில் இயந்திர வகை, பூச்சு நிறம், கியர்ப் பெட்டி எல்லாம் குறித்திருக்கும். திருத்தாத காரில் பொய் சொல்ல இடம் குறைவு. திருத்தும் செலவை வாங்கியவர் பிறகு போட்டுக்கொள்ளலாம். தொழிற்சாலை 1971இல் பொறித்த இலக்கத்தை எவராலும் பிறகு பொறிக்க முடியாது.

1968ஆம் ஆண்டு ‘புல்லிற்’ படத்தில் ஸ்ரீவ் மக்குயீன் ஓட்டிய மஸ்ராங் இதற்கு நல்ல சாட்சி. 1974இல் 6,000 டொலர் கொடுத்து வாங்கிய குடும்பம் அதைச் சாதாரணமாக ஓடி, பிறகு பூட்டி வைத்தது. 2020 சனவரியில் மங்கிய பச்சைப் பூச்சோடும் கீறல்களோடும் ஏலத்துக்கு வந்து, கட்டணங்கள் சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டொலருக்குப் போனது. புதுப்பூச்சு அடித்திருந்தால் விலை இறங்கியிருக்கும்.

ஆக, ஓடாத காருக்கு விலை ஏற மூன்று விடயம் ஒன்றுசேர வேண்டும்: எஞ்சியவை கொஞ்சமாக இருக்கவேண்டும், புதிதாக வரும் வழி அடைபட்டிருக்கவேண்டும், இதுதான் அது என்று நிறுவ இலக்கமும் தாளும் இருக்கவேண்டும். இந்த மூன்றும் யாழ்ப்பாணத்தில் எப்படிச் சேர்ந்தன என்பது ஏலக் கூடங்களுக்கு வெளியே நடந்த கதை.

மூன்று முறை அடைத்த கதவு

பிரித்தானியர் ஆண்ட நாட்டில் ஓடியவை பெரும்பாலும் பிரித்தானியக் கார்கள். 1947இல் வந்த ஒஸ்ரின் ஏ-40 டெவன், அதன் பின் 1952இல் சோமசெற், 1954இலிருந்து கேம்பிறிட்ஜ், இவற்றோடு மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் என்பன யாழ்ப்பாண ஒழுங்கைகளுக்கு வந்து சேர்ந்தன. மலாயாப் பென்சன்காரர், கொழும்பு அரசாங்க உத்தியோகத்தர், வைத்தியர், அப்புக்காத்தர் ஆகியோர் வாங்கினார்கள். கரையூர்களில் மீன் வியாபாரம் கைகொடுத்த வீடுகளிலும் கார் நின்றது. பேருந்து நிலையத்தடியிலும் பெரியாஸ்பத்திரிக்கு முன்னாலும் வாடகைக்கு நின்றவையும் இவைதான். கலியாணத்துக்குப் போனதும் பிள்ளைப்பேற்றுக்கு அள்ளிக்கொண்டு ஓடியதும் அதே கார்.

1957 தொடக்கத்தில் வாகன இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகளின் இடத்துக்குச் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. 1958 மார்ச்சில் ஸ்ரீ தகட்டோடு இலங்கைப் போக்குவரத்துச் சபை பேருந்துகள் வடக்குக்கு வந்தபோது தார் பூசும் போராட்டம் மூண்டது. அதற்கு முன் பதிந்த கார்கள் சீ.ஈ., சீ.என்., ஈ.எல். போன்ற பழைய எழுத்துகளோடே ஓடின. இன்று அந்த எழுத்துகளைக் கண்டால் சேகரிப்பாளர் விலையைக் கூட்டிப் பேசுவது, பதிவு மாறாமல் வந்ததற்கு அது அடையாளம் என்பதால்.

முதல் கதவு 1960களின் தொடக்கத்தில் அடைபட்டது. அந்நியச் செலாவணி வற்றியதும் சிறிமாவோ அரசாங்கம் கார் இறக்குமதியை நிறுத்தியது. இருந்ததை வைத்து ஓடவேண்டிய காலம் தொடங்கியது. உதிரிப்பாகம் கிடைக்காத நாட்டில் கராச்காரர்தான் தொழிற்சாலை. கடைச்சல் பட்டறையில் புஷ் கடைந்தார்கள், பிஸ்ரன் வளையத்துக்கு வேறு வாகனத்தின் வளையத்தைத் தேய்த்துப் பொருத்தினார்கள், இத்த தகரத்தை வெட்டி ஒட்டினார்கள்.

1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தன அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட, யப்பானியக் கார்கள் வந்து குவிந்தன. தெற்கில் பழைய ஒஸ்ரின்கள் பழைய இரும்புக்குப் போகத் தொடங்கிய காலம் அது. மிஞ்சியவற்றில் பலவற்றுக்கு டீசல் இயந்திரம் பூட்டினார்கள். வடக்குக்கு அந்த அலை முழுதாக வந்து சேருமுன் 1983 வந்துவிட்டது. 1987 தொடக்கத்தில் அரசாங்கம் எரிபொருளைத் தடுத்தபோது இரண்டாவது கதவு அடைபட்டது. 1990 யூனில் மறுபடி சண்டை மூண்டதும் பொருளாதாரத் தடை முழுமையானது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, பசளை எல்லாம் தடைப்பட்டியலில் ஏறின. மூன்றாவது கதவும் அடைபட்டது. தெற்கு தன் பழைய கார்களை உடைத்துக்கொண்டிருந்தபோது, வடக்குக்கு உடைக்க வசதி இருக்கவில்லை. மாற்றுக் கார் வராத இடத்தில் பழைய காரை எறிய முடியுமா?

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

தடைக்காலத்தில் பழைய கார் யப்பானியக் காரை வென்றதற்கு இயந்திரவியல் காரணம் உண்டு. ஒஸ்ரின் ஏ-40 போன்றவற்றின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தது. 1980களின் யப்பானியக் கார்களில் அது ஒன்பதை எட்டியது. மண்ணெண்ணெய் அமுக்கம் கூடிய இயந்திரத்தில் நேரத்துக்கு முன்னே பற்றி, ‘டக் டக்’ என்று பிஸ்ரனில் அடிக்கும். அமுக்கம் குறைந்த பழைய இயந்திரம் அந்த அடியைத் தாங்கிக்கொண்டது. டிஸ்ரிபியூட்டரைச் சற்றே திருப்பி, பொறி பிந்தி விழும்படி வைத்தால் அடி இன்னும் குறையும்.

ஆனால் குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சாரதி முதலில் பொனற்றைத் தூக்குவார். சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் கார்பரேற்றர் வாய்க்குள் பீச்சுவார். பற்றரி இல்லையென்றால் முன்பக்கத்துத் துளைக்குள் இரும்புக் கைபிடியைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றுவார். அந்தத் துளை யப்பானியக் கார்களில் இருக்கவில்லை. இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இங்கிலாந்தின் பெர்குசன் உழவு இயந்திரங்களும் பெற்றோலில் கிளம்பி, சூடேறியபின் அதற்கென்றே விற்ற மட்டமான எண்ணெயில் உழுதன. அங்கே தொழிற்சாலை அதற்கேற்ப வடிவமைத்துக் கொடுத்தது. இங்கே சந்திக் கராச்சில் யோசித்துச் செய்தார்கள்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். இயந்திர எண்ணெய் தண்ணீராகும், பேரிங் தேயும், பின்னால் வெண்புகை கிளம்பும். உயவெண்ணெயை அடிக்கடி மாற்றலாம் என்றால் அதுவும் கிடைப்பது அருமை. இயந்திரம் தேய்ந்தாலும் கார் ஓடியது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் தென்மராட்சியை நோக்கி நகர்ந்த இரவில், நடக்க மாட்டாத கிழடுகளையும் நோயாளரையும் ஏற்றிக்கொண்டு ஜனத்துக்குள் ஊர்ந்த வாகனங்களில் இந்தக் கார்களும் இருந்தன. ஓடமுடியாதவை கொட்டில்களிலேயே நின்றன.

நிறுப்பவரும் புத்தகம் கேட்பவரும்

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து ஏ-9 பாதை திறந்தபோது, தெற்கு மக்கள் நயினாதீவையும் கோட்டையையும் பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் சிலரின் கண் வீதியில் ஓடிய கார்களில் நின்றது. தங்கள் ஊரில் அபூர்வமாகிவிட்ட கேம்பிறிட்ஜும் சோமசெற்றும் இங்கே மீன் ஏற்றிக்கொண்டு ஓடுவதைக் கண்டார்கள். 2006இல் பாதை மறுபடி அடைபட்டு 2009இன் பின் திறந்தபோது இரண்டு விதமான வியாபாரிகள் வந்தார்கள். ஒருவர் தராசோடு வந்த பழைய இரும்புக்காரர். மற்றவர் பழைய கார் தேடி வந்தவர். ஒரே வளவுக்குள், ஒரே காருக்கு, இரண்டு பேரும் இரண்டு விலை சொன்னார்கள்.

இரண்டாமவர் பார்ப்பதைக் கவனித்தால் விடயம் விளங்கும். பூச்சையும் இருக்கையையும் அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பொனற்றைத் திறந்து, இயந்திரத்துக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தகரச் சுவரில் இருக்கும் சிறு தகட்டைத் தேடுவார். துணியில் மண்ணெண்ணெய் நனைத்து அழுக்கைத் துடைத்து இலக்கத்தை வாசிப்பார். பிறகு இயந்திரத்தில் இருக்கும் இலக்கம். அதன்பின்தான் வாய் திறந்து கேட்பார்: “புத்தகம் இருக்கா?” வாகனப் பதிவுப் புத்தகத்தில் இரு இலக்கங்களும் பொருந்தி, உரிமையாளர் பெயர்கள் வரிசையாக இருந்தால் பேச்சு தொடரும். புத்தகம் இல்லையென்றால் அவரும் இரும்புக்காரரின் விலைக்கு இறங்கிவிடுவார். அமெரிக்க இருக்கைக்குள் தேடிய பொருத்துப்பட்டியலின் வேலையை இங்கே பதிவுப் புத்தகம் செய்கிறது.

எல்லாத் தகரமும் தங்கமாகாது என்பதையும் சொல்லவேண்டும். மொறிஸ் மைனர் 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதன் பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. பிரித்தானியாவின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்தோடு சேர்ந்து இலங்கையிலேயே பாகங்கள் செய்து அங்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே பிந்திய மைனர் என்றால் கார் இருக்கும் நிலைக்கேற்பத்தான் விலை. முன்விளக்குகள் கீழே, கிறில் பகுதிக்குள் பதிந்த முதல் சில ஆண்டுகளின் கார்களுக்கு வேறு மரியாதை. அவற்றின் பொனற்றின் நடுவே நீளமாக ஒரு மேடு ஓடும். வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் கடைசி நேரத்தில் மாதிரிக் காரை நடுவால் பிளந்து நான்கு அங்குலம் அகட்டியதன் தடம் அது. இந்த வகையைக் கண்டால் தேடி வந்தவர் துருவைக் கண்டுகொள்ளமாட்டார்.

கடற்கரைக் காருக்கும் உள்ளூர்க் காருக்கும் விலை வித்தியாசம் உண்டு. மைனர் போன்ற கார்களில் தனிச் சட்டம் கிடையாது. உடல் தகரமே சுமையைத் தாங்குகிறது. உப்புக்காற்று அந்தத் தகரத்தை உள்ளிருந்து தின்றால் திருத்துவது பெரிய வேலை. அதனால் வாங்க வந்தவர்கள் செம்மண் ஊர்களையே கூடுதலாகச் சுற்றினார்கள்.

விற்றவர்களுக்குக் கிடைத்தது என்ன? போரில் நொந்துபோன குடும்பங்களுக்குக் கூரைத் தகரமும் பிள்ளையின் படிப்பும் முன்னால் நின்றன. கொட்டிலில் கிடந்த காருக்குக் கிடைத்தது வரும்படி என்று கொடுத்தார்கள். விலை பெரிதாக ஏறியது கார் வவுனியாவைத் தாண்டிய பிறகு. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை மறுபடி நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி வரை கதவைத் திறக்காமல் விட்டபோது, நாட்டுக்குள் நின்ற ஒவ்வொரு பழைய காருக்கும் இன்னொரு சுற்று ஏறியது. அந்த ஏற்றத்தில் விற்றவருக்குப் பங்கு இல்லை.

மயிலிட்டியில் மிஞ்சியது

இனி மயிலிட்டிக்கு வருவோம். பலாலி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட இந்த ஊரில், 2017 யூலை 3ஆம் திகதி துறைமுகத்தை அண்டிய 54 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. மல்லாகம், சுன்னாகம், பருத்தித்துறைப் பக்கத்து நலன்புரி நிலையங்களில் 27 ஆண்டுகள் கழித்தவர்கள் திரும்பி வந்து கண்டது பற்றையையும் கூரையற்ற சுவர்களையும்தான். கதவு, நிலை, ஓடு போன இடத்தில் கார் நிற்குமா? செம்மண் ஊர்களில் சேகரிப்பாளர் தேடிப் பிடித்த மாதிரி ஒரு கொட்டில் மயிலிட்டியில் இருக்க வழியில்லை. கொட்டிலே இல்லை.

ஊரைவிட்டு ஓடியவர்கள் கையில் ஒரு பையைத்தான் எடுத்தார்கள். காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ். உறுதியை வைத்திருந்தவருக்கு, காணி விடுபட்ட நாளில் ‘இது என்னுடையது’ என்று சொல்ல ஒரு பிடி இருந்தது. காரின் புத்தகத்தை அந்தப் பைக்குள் வைக்கவேண்டும் என்று எவருக்குத் தோன்றியிருக்கும்? வைத்திருந்தாலும் அது காட்டும் கார் எங்கே? வேறு இடங்களில் கார் கிடந்து புத்தகம் தொலைந்தது. இங்கே புத்தகம் தப்பியிருந்தாலும் கார் தொலைந்தது. இரண்டில் எதுவாக இருந்தாலும் சந்தையின் கணக்கில் அது சுழியம்.

ஏலக்காரர் பேசாத பக்கம் இதுதான். ஹெமி குடா அபூர்வமானது அன்று ஆட்கள் வாங்காததால். யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் அபூர்வமானது, வாங்கிய பலர் அதை இழந்ததால். தப்பிய ஒரு காருக்குக் கொழும்பில் கிடைக்கும் விலைக்குள், தப்பாத கார்களின் பங்கும் சேர்ந்திருக்கிறது. அவை அழியாமல் இருந்திருந்தால் இது அபூர்வமாகியிராது. தப்பியதை வைத்திருப்பவர் அந்த விலையை வாங்குகிறார். தொலைத்தவருடைய இழப்பே அந்த விலையை ஏற்றியது என்பதற்குப் பற்றுச்சீட்டு எங்கும் எழுதப்படுவதில்லை. இழப்பீட்டுப் படிவங்களில் வீட்டுக்கும் தொழில் உபகரணத்துக்கும் கூண்டு இருக்கும். முப்பது ஆண்டுக்கு முன் நின்ற காரைத் துருப்பிடித்த பழைய கார் என்று மதித்தால் அது ஒன்றுமில்லை, இன்றைய சந்தை மதிக்கிறபடி மதித்தால் அது ஒரு வீடு.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் போகலாம். ஆனால் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. வலிகாமத்தில் இன்னும் பழைய கார் வைத்திருப்பவர்களும், வைத்திருந்து இழந்தவர்களும் மூன்று விடயத்தை எழுதி வைக்கவேண்டும்: சட்ட இலக்கம், பதிவு இலக்கம், ஒருவர் பின் ஒருவராக உரிமையாளர் பெயர். காரைப் பூச்சடித்து அழகாக்குமுன் இதைச் செய்யுங்கள். இழந்தவர்கள் பழைய கலியாணப் படங்களைப் பாருங்கள். மாப்பிள்ளை இறங்கும் காரின் இலக்கத் தகடு அதில் தெரியும். பதிவேடு ஒன்று ஊரிலேயே இருந்தால், நாளைக்கு ஒரு கார் எங்கோ ஏலத்துக்கு வரும்போது அது எந்த ஊர் வளவில் நின்றது என்று சொல்ல நாங்கள் இருப்போம். சேகரிப்பாளர் காசு கொடுத்துத் தேடுகிற அந்தச் சான்றை, எங்கள் பக்கத்துக் கதையோடு சேர்த்து வைத்திருப்பது எங்கள் பொறுப்பு.

அடுத்த இதழில்: மயிலிட்டி மீனை ஐஸ் போட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோன லொறிகளும், அந்த வியாபாரத்தில் எழும்பிய வீடுகளும்.

(தொடரும்)